மாதையனிடம் பீடி இல்லை

தனசேகர் சார், நீங்கள் எழுதியது பொய்.

நம் தொழிற்பேட்டைச் சங்கத்தின் பாதுகாப்பு வாரச் சிறப்பிதழில் "ஒரு பீடி பறித்த கண்" என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் தொழிலாளியின் பெயரைப் போடவில்லை. "பாரூர்ப் பக்கத்து ஆள், நல்ல உழைப்பாளி, ஆனால் பழக்கத்தை விட முடியாதவர்" என்று மட்டும் எழுதினீர்கள். ஓசூரில் நம் ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது யாரென்று தெரியும். அவருக்கும் தெரியும். அவர் மகனுக்கும் தெரியும்.

அந்த விபத்து நடந்த அன்று டேங்கிலிருந்து பத்தடி தூரத்தில் நான் நின்றேன். என் பெயர் செல்வராணி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு ஓசூர் வந்தவள். உங்களிடம் லேப் கெமிஸ்ட்டாகப் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பிறகு வேறு கம்பெனி, போன வருடம் ஓய்வு. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. என்ன வேலை அது

இளையவர்களுக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அணு உலையில் பயன்பட்டு முடிந்த எரிபொருள் ஒரு உலோக உறைக்குள் அடைத்தபடிதான் வெளியே வரும். சில ஆராய்ச்சி உலைகளில் அந்த உறை அலுமினியம். எரிபொருளைக் கடைசியாக ஒதுக்கி வைப்பதற்கு முன் அந்த உறையைக் கழற்ற வேண்டும். கையால் உரிக்க முடியாது, மனிதர்கள் பக்கத்திலேயே போக முடியாது. அதனால் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் கூடையோடு இறக்கி, உறையை மட்டும் கரைத்து எடுப்பார்கள். உள்ளே இருப்பது கரையாமல் கூடையில் நிற்கும்.

அந்த வேலைக்கான டேங்கைச் செய்து கொடுக்கும் ஆர்டர் எங்களுக்கு வந்தது. பெங்களூர் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் ஷாப்புக்கு அணு எரிபொருள் எதுவும் வரவில்லை, அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம். டேங்கை அனுப்புவதற்கு முன் டம்மி வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அலுமினியக் குழாய், உள்ளே எரிபொருளுக்குப் பதில் பீங்கான் வில்லைகள். இதற்குக் கோல்ட் ட்ரையல் என்று பெயர். கதிர்வீச்சு கிடையாது. ஆனால் காஸ்டிக் நிஜமானது, அலுமினியமும் நிஜமானது. இரண்டும் சேர்ந்தால் வரும் ஹைட்ரஜனும் நிஜமானது.

துணி சோடாவை அலுமினியச் சட்டியில் ஊற வைத்தவர்களுக்குத் தெரியும், சட்டி நுரைத்துக் கறுத்துவிடும். இது அதைப் போல நூறு மடங்கு. வரும் வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் அந்தத் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டேங்க் மூடிக்கு மேலே புகைக்கூண்டு போல ஒரு ஹூட், அதிலிருந்து வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ள ஒரு ப்ளோயர். மூடிக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஒரு காஸ் டிடெக்டர். அளவு ஏறினால் அது கத்தும். அதைப் பார்ப்பதும் காஸ்டிக் சாம்பிளைச் சோதிப்பதும் என் வேலை.

டேங்கின் மேல்மட்டத்தில், படியேறிப் போகும் பிளாட்பாரத்தில் நிற்பவர் மாதையன். அப்போது நாற்பது வயது இருக்கும். கூடையைச் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் இறக்குவது, மூடியைப் பார்ப்பது, எனக்குச் சாம்பிள் எடுத்துத் தருவது எல்லாம் அவர்தான். ஊரில் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் கரும்பு வைத்திருந்தார்.

ட்ரையல் நடந்த மாதம் முழுக்க, கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொருவர் பாக்கெட்டையும் தடவித் தீப்பெட்டி, பீடி, லைட்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். மாதையன் பாக்கெட்டில் வெற்றிலைப் பொட்டலம்தான் இருக்கும்.

"ஒரு பீடி கூட இல்லாத ஆம்பளைய இந்த கேட்ல நான் பார்த்ததே இல்லப்பா" என்பார் செக்யூரிட்டி.

"வெத்தலைக்குத் தீ வேணாமுங்க. சுண்ணாம்பு இருந்தா போதும். வேணும்னா நாக்க நீட்டறேன், செக் பண்ணிக்க" என்பார் மாதையன்.

இதைத் தினம் நின்று கேட்டவள் நான். இனி பீடி என்று யார் சொன்னாலும் என்னிடம் வந்து சொல்லட்டும்.

2. வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள்

எங்கள் பக்கத்து ஷாப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. புது மிஷினை முதன்முதலாக ஓட்டும்போது சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சை வெட்டி, சூடம் காட்டாமல் ஸ்விட்ச் போட மாட்டார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, நானும் கும்பிட்டவள்தான். அன்று போட்டிருந்த திட்டமும் சரியான திட்டம்தான். காலை ஒன்பது மணிக்குப் பூஜை. பூஜை முடிந்து, தீயெல்லாம் அணைத்த பிறகு கூடையை இறக்குவது. பத்தரைக்கு, ஆர்டர் கொடுத்த க்ளையன்ட்டின் பெரிய அதிகாரிகள் வந்து பார்ப்பது.

அப்போது எங்கள் ஜெனரல் மேனேஜர், ஜி.எம்., தனசேகர் சார்தான்; அவர் வீடு பெங்களூரில். அன்று அத்திப்பள்ளியில் லாரி மறித்து ஜாம். பூஜைத் தட்டு, சூடம், தீப்பெட்டி எல்லாம் அவர் காரில் இருந்தது. ஒன்பதே காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"ராணி, நீங்க பேட்ச்சை ஸ்டார்ட் பண்ணிடுங்க. அவங்க வரும்போது உள்ள நல்லா கொதிச்சுக்கிட்டிருக்கணும்."

"சார், பூஜை?"

"நான் வந்து பண்ணிக்கறேன். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிச்சிடலாம்."

நான் "சரி சார்" என்றேன். பேட்ச் ஓடும்போது சூடம் கொளுத்த முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வந்த பிறகு அவருக்கே புரியும் என்று நினைத்தேன். மேலே இருப்பவருக்குப் புரியும் என்று நினைத்துத்தான் பாதி விபத்துகள் நடக்கின்றன.

மாதையன் கூடையை இறக்கினார். அரை மணியில் உள்ளே பால் பொங்குவது போலச் சத்தம். ப்ளோயர் ஓடியது, டிடெக்டர் அமைதியாக இருந்தது. க்ளையன்ட் இன்ஜினியர் ஒருவர் எங்களோடு இருந்தார். தன் மேலதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவர் ஆபீஸ் பக்கம் போனார். அங்கே அவர்களுக்கு டிபன். ட்ரையல் ஏரியாவில் தீயே கூடாது என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் டிபன் சாப்பிட்டு வருவதற்குள் பூஜையை முடித்துவிட வேண்டும் என்பது ஜி.எம்.மின் கணக்கு.

பத்து மணிக்குச் சற்றுப் பிறகு அவர் ஓடி வந்தார். கையில் தட்டு. கேட்டில் எங்கள் பாக்கெட்டைத் தடவுகிறவர் ஜி.எம். காரைத் தடவுவாரா? சாமி தட்டைத்தான் தடவுவாரா?

"எல்லாரும் செருப்பு, ஷூவக் கழட்டுங்கப்பா. சாமி காரியம். மாதையா, ஹெல்மெட்டக் கழட்டு. சாமி முன்னாடி தொப்பியோடவா நிப்ப?"

சேஃப்டி ஷூக்கள் எல்லாம் வாசலில் வரிசையாகப் போயின. மாதையனின் ஹெல்மெட்டோடு சேர்ந்ததுதான் முகக் கவசம். இரண்டும் கழன்றன. டேங்க் மூடியில் எட்டிப் பார்க்கும் திறப்பு ஒன்று உண்டு. "வர்றவங்க பார்க்கணும், அதத் திறந்தே வை" என்றார். மாதையன் திறந்துவிட்டுக் கீழே வந்தார்.

கீழே பதினைந்து பேர் வெறுங்காலோடு நின்றோம். ஜி.எம். சூடத்தைக் கொளுத்தித் தட்டை மாதையனிடம் நீட்டினார்.

"மேல கொண்டு போய் மூணு சுத்துக் காட்டு."

மாதையன் தட்டை வாங்கவில்லை. "சார், கீழயே காட்டிக்கலாமுங்க. மேல காஸு வருது."

"மாதையா, சாமி காரியத்துல வாயக் குடுக்காத."

மாதையன் தட்டை வாங்கி மேலே போனார். ஹூட் பக்கம் போனதும் காற்று இழுத்து, சுடர் சாய்ந்து, சூடம் அணைந்துபோனது. மாதையன் இறங்கி வந்ததும் ஜி.எம். இன்னொன்று கொளுத்திக் கொடுத்தார். அதுவும் அணைந்தது. பின்னால் யாரோ "ரெண்டு தடவ அணைஞ்சிருச்சே" என்று முணுமுணுத்தார்கள். ஜி.எம். முகம் மாறிவிட்டது. மணி பத்து இருபது.

இப்போது யோசித்தால், அந்த ப்ளோயர் எங்களை இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறது. எங்களுக்கு அது அபசகுனமாகத் தெரிந்தது.

"நாராயணப்பா, அந்த ப்ளோயர ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணு."

நாராயணப்பா எலெக்ட்ரீஷியன், மாலூர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "பேடா சார், வேணாம். ரன்னிங்ல நிறுத்தக் கூடாது" என்றார்.

"ரெண்டு நிமிஷம்யா! உங்க ஊர்ல சாமி இல்லையா?"

நாராயணப்பா என்னைப் பார்த்தார். நான் டிடெக்டரைப் பார்த்தேன். அவர் ஸ்விட்சை அணைத்தார். ப்ளோயர் சத்தம் நின்றதும் டேங்க் பொங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, டிடெக்டர் கத்த ஆரம்பித்தது.

"என்னம்மா இது, மந்திரம் சொல்ல விடாம! அத மூடு!"

இங்கேதான் என் தப்பு. டிடெக்டரில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. சத்தம் நிற்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நான் அந்தப் பொத்தானை அமுக்கினேன். என் விரல், என் முடிவு. திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று கத்த வாய் வரவில்லை. ரெண்டு நிமிஷம்தானே என்று நினைத்தேன்.

மூன்றாவது சூடம் நேராக நின்று எரிந்தது. ஜி.எம். சிரித்தார். "பாத்தியா? இப்ப போ."

மாதையன் படியேறி, திறப்புக்கு நேராகத் தட்டைக் கொண்டுபோனார். முதல் சுற்று கூட முடியவில்லை. லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். தீ எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டு பறந்ததும், மூடி தூக்கி அடித்ததும், உள்ளே இருந்த காஸ்டிக் வாரி வெளியே கொட்டியதும்தான் தெரிந்தது. மாதையன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டியது தரையில் ஓடி வந்தது. வெறுங்காலோடு நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்து ஓடினார்கள்.

நாராயணப்பா ஓடிப்போய் ப்ளோயரைப் போட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் மாதையனைத் தூக்கி ஷவருக்கு இழுத்துப் போனோம். கண்ணைத் திறக்கச் சொன்னால் அவரால் முடியவில்லை. நான் இமையைப் பிடித்துத் திறந்து தண்ணீர் காட்டினேன். என் விரல் தோலும் வழுக்கி உரிந்தது. அவர் கத்தவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மேடம், கண்ணு தெரியுமா? தெரியுமா மேடம்?"

"தெரியும் மாதையண்ணே. திறந்தே வைங்க. மூடாதீங்க."

இடது கண் தப்பியது. வலது கண் போய்விட்டது.

3. கேபினில்

மாதையனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் திரும்பியபோது ஷாப் கழுவி விடப்பட்டிருந்தது. குங்குமம் இல்லை, எலுமிச்சை இல்லை, தட்டு இல்லை. தீப்பெட்டி மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஜி.எம். மேஜை மேல் இருந்தது. எதிரே டைப் செய்த அறிக்கை.

ஆபரேட்டர் தடை செய்யப்பட்ட தீப்பெட்டியும் பீடியும் மறைத்து எடுத்து வந்தார். ஹெல்மெட், முகக் கவசம், ஷூ எதுவும் அணியவில்லை. அந்த நேரத்தில் மின்கோளாறால் ப்ளோயர் ட்ரிப் ஆகித் தானாக நின்றது. அலாரம் வேலை செய்தது, ஆபரேட்டர் பொருட்படுத்தவில்லை. இவ்வளவுதான் அறிக்கை. ஹெல்மெட்டையும் ஷூவையும் கழற்றச் சொன்ன வாய்தான் இதையும் சொல்லி டைப் செய்ய வைத்தது.

"சார், அவரு பீடியே பிடிக்க மாட்டாரு சார்."

"தெரியும்மா." குரலைத் தாழ்த்தினார். "க்ளையன்ட் கிட்ட பூஜைன்னு சொல்ல முடியுமா? அடுத்த நிமிஷம் ஆர்டர் போயிடும். இந்த ஷாப்புல எத்தன குடும்பம் சாப்பிடுது, யோசிச்சியா?"

"மாதையன் குடும்பம்?"

"அவரை நான் பார்த்துக்கறேன். உள்ளயே லைட் வேலை போட்டுத் தர்றேன். என் வார்த்தை. அப்புறம் இன்னொண்ணு ராணி, அலாரத்த ம்யூட் பண்ணது யாரு? அத நான் எழுதலையே? உன்னைக் காப்பாத்தித்தானே வச்சிருக்கேன்?"

என் லாக் ஷீட்டில் அன்றே எழுதி வைத்திருந்தேன். ப்ளோயர் ஆஃப், ஜி.எம். சொன்னதால். அலாரம் ம்யூட், நான். அந்தத் தாளைக் கேட்டார், கொடுத்தேன். அறிக்கையில் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ட்ரிப் ஆனது என்று நாராயணப்பாவும் எழுதிக் கொடுத்தார். மற்றவர்களைக் கேட்கவே இல்லை, அவர்களும் தாமாக எதுவும் சொல்லவில்லை.

மாதையன் கட்டோடு திரும்பி வந்தபோது லைட் வேலை இல்லை. விதியை மீறியவர் என்று வேலை நீக்க உத்தரவு இருந்தது. டேங்க் வேறொரு நாள் ட்ரையல் முடிந்து, மாலை போட்டு லாரியில் போனது. நான் லேபிலிருந்து வெளியே வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறு வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். நல்ல சம்பளம், நல்ல கம்பெனி. அங்கே எத்தனையோ பேருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தேன். இந்தக் கதையை ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.

4. பாரூரிலிருந்து வந்தவர்

உங்கள் இதழ் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்கு மாதையன் வந்தார். அத்தனை வருடம் கழித்து முதல் தடவை. நரைத்திருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் உங்கள் இதழ்.

"பையன் ஓசூர்ல கம்பெனில இருக்கறான் மேடம். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்களாம். 'என்னடா, ஒங்கப்பன் கத வந்திருக்குது'ன்னு சிரிச்சாங்களாம். கிழிச்சு எடுத்தாந்துட்டான்."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஊர்ல என்னை என்னான்னு கூப்பிடறாங்க தெரியுங்களா? பீடி மாதையன். வாழ்க்கையில ஒரு பீடி தொட்டதில்ல. பொண்ணு பார்க்க வந்தவங்க, 'ஒரு பீடிக்குக் கண்ண வுட்ட ஆளு, குடிக்கவும் செய்வாரோ'ன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. கண்ணு போனதக் கூட வுட்டுட்டேன் மேடம். ஷாப்புல கண்ணு போகும், கை போகும். அது எனக்குத் தெரியும்."

நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க அன்னிக்கு அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேண்ணே."

"சூடம்தான் காட்டினேன்?"

"சூடம்தாண்ணே."

"அப்ப ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

அலாரத்தை நிறுத்தியது நான்தான் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். சத்தம் எப்படி நின்றது என்று அவருக்கு இத்தனை வருடம் தெரியாது. அது கெட்டுப்போய் நின்றுவிட்டது என்றே நினைத்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பீடி இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. அந்தாளு வாயால. இவ்வளவுதான்."

எழுந்து போய்விட்டார். தண்ணீர் அப்படியே இருந்தது.

அன்றே நாராயணப்பாவுக்குப் போன் செய்தேன். பாகலூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், ஸ்விட்ச் ஆஃப் பண்ணது நானு. ட்ரிப் ஆச்சுன்னு எழுதினதும் நானு. என் பேரையும் போட்டு எழுதுங்க. கேட்டா எங்க வேணா வந்து சொல்றேன்."

அதனால்தான் அவர் பெயரும் இதில் இருக்கிறது.

இளையவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அலாரம் கத்தினால் அதை நிறுத்தாதீர்கள், வேலையை நிறுத்துங்கள். யார் சொன்னாலும் சரி, எந்தச் சாமி பெயரைச் சொன்னாலும் சரி. கேட்டில் தொழிலாளியின் பாக்கெட்டைத் தடவும் கம்பெனி, ஜி.எம். காரையும் தடவ வேண்டும். உங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினால், அந்தத் தாளில் யாரை விற்கிறார்கள் என்று படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். நான் படித்துவிட்டுத்தான் போட்டேன், எனவே எனக்கு மன்னிப்புக் கிடையாது.

தனசேகர் சார், இப்போது நீங்கள். மேடை மேடையாகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னிடம் தாள் எதுவும் இல்லை, அதை வாங்கிக்கொண்டது நீங்கள். நானும் நாராயணப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அன்று வெறுங்காலோடு நின்றவர்களிலும் பலர் இருக்கிறார்கள். எனக்குப் போன் செய்ய வேண்டாம். சமாதானம் பேச ஆள் அனுப்பவும் வேண்டாம். இதே சங்கத்தின் அடுத்த இதழில், நீங்கள் எழுதிய அதே இரண்டு பக்கத்தில், உங்கள் பெயர் போட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்தத் தீப்பெட்டி யாருடைய காரில் வந்தது? மாதையனின் முகக் கவசத்தைக் கழற்றச் சொன்னது யார்? ப்ளோயரை நிறுத்தச் சொன்னது யார்?